டிசம்பர் லீவுக்கு மூன்று பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மாவுக்கும்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மூத்தவளுக்கு 14, பையனுக்கு 10, கடைக்குட்டிக்கு 6. பள்ளி மூடினால் ஜனவரி நடுவரைக்கும் ஐந்து வாரம் மூவரும் வீட்டில். உங்களுக்கோ மருந்துக்கடையில் ஷிஃப்ட் வேலை, கிறிஸ்துமஸ் சமயத்தில் லீவே கிடையாது. "பிள்ளைகளுக்கு ஒரு புத்தக லிஸ்ட் கொடுங்கள், கொஞ்சம் தமிழும் இருக்கட்டும்" என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி: "நேரம் கிடைத்தால் நானும் ஏதாவது படிக்க ஆசை." அந்த வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அதற்கு வருகிறேன்.

நான் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டில் பிறந்து வளர்ந்தவள். கோயில் வகுப்பில் எழுத்துக் கற்று, பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தேன். ஓய்வு பெறும்வரை பள்ளி நூலகத்தில்தான் வேலை. ஆரம்பத்தில் நானும் ஒவ்வொரு நவம்பரிலும் லீவுக்கான லிஸ்ட் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் கேட்டால், நன்றாகப் படிக்கிற நாலைந்து பிள்ளைகள் மட்டும் அதிலிருந்து ஏதோ படித்திருப்பார்கள். ஒரு பையன் இருந்தான், ஏழாம் கிரேடு. கால்பந்து பற்றிய ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு போவான். ஆறாவது தடவை அவன் வந்தபோது, "இதைப் போதுமான அளவு படித்துவிட்டாய், வேறு எடு" என்று நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் வேறு எதையும் எடுக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க நூலகத்துக்கே வரவில்லை. அது என் தவறு. இன்னும் மனசில் கிடக்கிறது.

பிறகுதான் ரிச்சர்ட் ஆலிங்டன் குழுவினர் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் செய்த ஆய்வைப் படித்தேன். 2010ல் வெளிவந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோடை லீவுக்கும் 12 புத்தகம், மூன்று வருஷம் தொடர்ந்து கொடுத்தார்கள். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகளேதான். பாட்டுக்காரர்களைப் பற்றியும் டிவியில் வருகிற பாத்திரங்களைப் பற்றியும் இருந்த புத்தகங்களைத்தான் பலர் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு, புத்தகம் கிடைக்காதவர்களைவிட நன்றாக வளர்ந்திருந்தது. கோடை வகுப்புக்கு அனுப்பினால் கிடைக்கிற பலனுக்கு ஏறக்குறைய சமம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பரீட்சை கிடையாது, வாத்தியார் கிடையாது, சுருக்கம் எழுதித் தா என்று யாரும் கேட்கவும் இல்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: தேர்ந்தெடுக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் புத்தகம் கிடக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும், உங்கள் பங்கு முடிந்தது. கீழே நான் பெயர் சொல்கிற புத்தகங்களையும் அப்படித்தான் கொண்டுபோய்ப் போடுங்கள். பிடித்தால் எடுப்பார்கள். "அக்கா சொன்னார்கள், படி" என்று நீட்டிவிடாதீர்கள்.

லீவில் படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவர் குழுவும் 1996ல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்காவின் நீண்ட கோடை லீவில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே லீவு இரண்டரை மாதம். நமக்கு அதில் பாதி. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் பத்து வயதுப் பையன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். 2021ல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், நம் நாட்டில் நாலாம் கிரேடு பிள்ளைகளில் 100க்கு 81 பேர் படித்ததைப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வரவில்லை. உங்கள் பையன் அந்த வயதில்தான் இருக்கிறான். "வாய்விட்டு நன்றாகப் படிக்கிறான், ஆனால் கதை என்ன என்று கேட்டால் முழிக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் உடைத்துப் படிப்பதிலேயே அவனுக்கு மூச்சு வாங்கிவிடுகிறது, அர்த்தத்துக்கு இடமில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு இன்னும் கஷ்டமான புத்தகம் கொடுத்தால் நிலைமை மோசமாகும். எளிதான புத்தகம், நிறையப் புத்தகம், படித்ததையே மறுபடி படிப்பது, இவைதான் அவனுக்கு மருந்து.

புத்தகம் அவன் அளவுக்குச் சரியா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். தமிழ்ப் புத்தகம் என்றால் நான் இரண்டு விரலோடு நிறுத்திவிடுவேன். இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியவில்லை என்றால், சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகிக்கிற பழக்கம் இன்னும் வந்திருக்காது.

பையன் படிக்கவே மாட்டேன் என்கிறான், எப்போதும் கால்பந்துதான் என்றீர்கள். அப்படியானால் கால்பந்திலிருந்தே தொடங்குங்கள். நம் கேப் டவுனில் பிறந்த சூப்பா ஸ்ட்ரைக்காஸ் காமிக்ஸ் இருக்கிறதே, அதைத் தேடிப் பிடியுங்கள். காமிக்ஸ் படிப்பது படிப்பாகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். படத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பிள்ளை தானே கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; உங்கள் பையனுக்குத் தேவையான பயிற்சி அதுதான். நம் புராண, வரலாற்றுக் கதைகளுக்கு அமர் சித்திரக் கதை இருக்கிறது. 1967ல் இருந்து வருகிறது, முப்பது பக்கத்துக்குக் கொஞ்சம் மேல், ஒரே மூச்சில் முடிக்கலாம். முழுப் புத்தகம் ஒன்றை முடித்த திருப்தி அந்த வயதில் பெரிய விஷயம்.

அவனோடு சேர்ந்து நீங்கள் வாசிக்க ஒரு நாவல் சொல்கிறேன்: பெவர்லி நாயுடு எழுதிய 'ஜர்னி டு ஜோபர்க்'. 1985ல் வந்தது. 1991 வரை நம் நாட்டிலேயே தடை செய்யப்பட்டிருந்தது. தங்கைப் பாப்பாவுக்குக் காய்ச்சல். அம்மாவோ தூரத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்காரி. அக்காவும் தம்பியும் அம்மாவைத் தேடி நடந்தே கிளம்புகிறார்கள். சின்னப் புத்தகம்தான். தினம் ஒரு அத்தியாயம் நீங்கள் வாசியுங்கள், அவன் படுத்துக்கொண்டு கேட்கட்டும். பத்து வயதுப் பையனுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். தானாகப் படித்தால் எட்டாத கதை, காதால் கேட்டால் எட்டும். சொற்களை உடைக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள், கதை முழுசாக அவனுக்குப் போய்ச் சேர்கிறது.

கடைக்குட்டிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதில் படப்புத்தகம்தான், மடியில் உட்காரவைத்துத்தான். நிக்கி டேலியின் 'ஜமீலாஸ் டிரெஸ்' அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக அம்மா வாங்கி வைத்த துணியை ஜமீலா உடம்பில் சுற்றிக்கொண்டு தெருவெல்லாம் ஊர்வலம் போய்விடுவாள். உங்கள் பட்டுப் புடவை எதுவும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தால் அன்று மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். செலவில்லாமல் வேண்டுமென்றால் புக் டேஷ். 2014ல் இங்கே தொடங்கியது. எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் எல்லாரும் சம்பளம் வாங்காமல் ஒரே நாளில் கூடி உட்கார்ந்து ஒரு குழந்தைப் புத்தகத்தை முடிக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து வயதுக்குள் 100 புத்தகம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எல்லாமே இலவசமாகத் தரவிறக்கலாம், இங்குள்ள ஜூலு மொழியிலும் உண்டு. ஜனவரியில் ஒன்றாம் கிரேடு போகிறாள் என்றால் ஜூலுப் படப்புத்தகம் ஒன்றிரண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அவளே அர்த்தம் கேட்டுக்கொண்டு வருவாள்.

சரி, தமிழ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். 'ஞ'வும் 'ண'வும் சரியாக எழுதுவார்கள். தேவாரம்கூட ராகத்தோடு பாடுவார்கள். ஒரு கதைப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டாம் வரியில் நின்றுவிடுவார்கள். காரணம் எழுத்து இல்லை. வீட்டில் "வந்துட்டான்" என்று கேட்ட பிள்ளை, புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்று பார்க்கும்போது அதை வேறு ஏதோ சொல் என்று நினைக்கிறது. "அங்க போ"வும் "அங்கே செல்"லும் ஒன்று என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. எங்களைப் போல ஐந்தாறு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பங்களில் பேச்சுத் தமிழே போய்விட்டது, அதனால் இன்னும் கஷ்டம். உங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். அது எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, எங்களுக்குத் தெரியும்.

அதனால் தமிழை இந்த லீவில் படிக்கிற மொழியாக ஆக்காதீர்கள், கேட்கிற மொழியாக வையுங்கள். நீங்கள் வாசியுங்கள், வாசிக்கும்போதே பேச்சுத் தமிழில் மாற்றியும் சொல்லுங்கள். "அரசன் அரண்மனைக்குத் திரும்பினான்" என்று வாசித்துவிட்டு, "ராஜா வீட்டுக்கு வந்துட்டார்" என்று ஒரு தடவை. நாலு நாளில் பிள்ளையே அந்த மாற்றத்தைச் செய்ய ஆரம்பிக்கும். விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே போங்கள். "இந்தச் சொல் என்ன, சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி வந்த கணத்தில் மடி வகுப்பறையாகிவிடும், பிள்ளை இறங்கிப் போய்விடும்.

புத்தகத்துக்கு எங்கே போவது? சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996ல் இருந்து குழந்தைப் புத்தகம் போடுகிறது. அவர்களுடைய இருமொழிப் புத்தகங்களில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். மூத்தவள் ஆங்கிலத்தையும் நீங்கள் தமிழையும் மாறி மாறி வாசித்தால் சின்னவளுக்கு இரண்டும் கிடைக்கும். தபாலில் வரவழைத்தால் புத்தகத்தைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடுகிறது. ஊரிலிருந்து யாராவது வரும்போது முறுக்கு, ஊறுகாயோடு நாலு புத்தகமும் வைக்கச் சொல்லுங்கள். மெல்லிய புத்தகங்கள்தான், பெட்டியில் எடை தெரியாது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஆயிரக்கணக்கான படக்கதைகள் இலவசம், தமிழில் நிறைய இருக்கின்றன. 1 முதல் 4 வரை நிலை பிரித்திருப்பார்கள். சின்னவளுக்கு 1, பையனுக்குத் தமிழில் 2 போதும், ஆங்கிலத்தில் 3 அல்லது 4. போனில் காட்டாதீர்கள். வேலை இடத்திலோ நூலகத்திலோ கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, நடுவில் மடித்துத் தைத்துக் கொடுங்கள். வண்ணம் அவர்களே தீட்டட்டும். தான் வண்ணம் தீட்டிய புத்தகத்தை எந்தப் பிள்ளையும் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை.

மூத்தவள் போனைக் கீழே வைப்பதில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். 14 வயதில் அதைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். போனிலேயே படிக்க ஃபுன்ட்ஸா இருக்கிறது. நம் நாட்டு இளைஞர்களுக்காக நம் நாட்டுக் கதைகள், நாளுக்கு ஓர் அத்தியாயமாக வரும். காதல், தோழிகளுக்குள் பகை, பள்ளியில் நடக்கிற அநியாயம் என்று அவள் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கும். புத்தகமாக வேண்டும் என்றால், நம் நாட்டு நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா நிறவெறிக் காலத்தில் பிறந்து வளர்ந்த தன் கதையைச் சொல்லும் 'பார்ன் எ கிரைம்'. 2019ல் இளையவர்களுக்கென்று ஒரு பதிப்பு வந்திருக்கிறது. அவள் வயதுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். சிரித்துக்கொண்டே படிப்பாள், நடுநடுவே உங்களிடம் வந்து "அப்போ நிஜமாவே இப்படியா இருந்தது?" என்று கேட்பாள். அப்படி வந்து கேட்டால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்றும் அவளுக்கு. காந்தி எழுதிய 'தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம்' நூலில் வள்ளியம்மையைப் பற்றி வரும் பக்கங்கள். நூல் முழுவதும் வேண்டாம், பெரியது. அந்தச் சில பக்கங்கள் போதும். தில்லையாடி வள்ளியம்மை என்று நீங்கள் ஊரில் பாடத்தில் படித்திருப்பீர்கள். பிறந்தது தில்லையாடியில் இல்லை, ஜோகன்னஸ்பர்க்கில், 1898ல். இங்கே மாரிட்ஸ்பர்க் சிறையில் கிடந்து, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. உங்கள் மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். இதை அவளிடம் பாடமாகச் சொல்லாமல், மாரிட்ஸ்பர்க் பக்கம் காரில் போகும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். தேடிப் படிப்பது அவள் பாடு. அடுத்த வருஷப் பள்ளிப் பாடநூலை இப்போதே படிக்கவைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஜனவரியில் அதைத்தான் படிக்கப் போகிறாள்.

இப்போது உங்கள் கடைசி வரி.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி ஃபாக்டரியில் வேலை. மாலை வந்ததும் அடுப்பு, பிறகு எங்கள் பாடம், பிறகு அப்பாவின் டிபன் பெட்டி. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று எனக்குப் பதினைந்து வயதுவரை தெரியாது. ஒருநாள் நடுராத்திரி சமையலறை விளக்கு எரிகிறதே என்று போனால், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகையை எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடினார், ஏதோ திருட்டுத்தனம் செய்ததுபோல. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் அப்படிப் படிக்கக் கூடாது, தங்கச்சி. "நேரம் கிடைத்தால்" என்று ஒதுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு முன்மாதிரி காட்டுவதற்காகவும் வேண்டாம். உங்களுக்காகப் படியுங்கள். எல்லாரும் பார்க்கிற இடத்தில் படியுங்கள்.

உங்களுக்குக் கிடைப்பது துண்டு துண்டான நேரம். பஸ்ஸில் இருபது நிமிஷம், சோறு வேகும்வரை பத்து, சின்னவள் தூங்கியபின் கால் மணி. அதற்கு ஏற்ற வடிவம் சிறுகதை. நீங்கள் கோவில்பட்டிப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கி. ராஜநாராயணனை விட்டு வேறு எங்கே தொடங்குவது? இடைசெவல்காரர், உங்கள் ஊர்ப் பேச்சு அச்சில் இருக்கும். இத்தனை வருஷம் டர்பனில் இருந்துவிட்டு அந்தச் சொற்களைப் பார்த்தால் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுபோல இருக்கும். அவர் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் பலவற்றை ராத்திரி பிள்ளைகளுக்கும் சொல்லலாம். சில பெரியவர்களுக்கானவை, அதனால் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். அப்புறம் அம்பை. 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்ற ஒரே ஒரு கதையாவது. முடித்தபின் இரண்டு நாள் வேறு எதுவும் படிக்கத் தோன்றாது, அது பரவாயில்லை.

நாவல்தான் வேண்டும் என்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்ன நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலையும் பெண்கள், நடுவில் ஜமுனா. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் டோங்காட் நீர்நிலையம் அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் டேங்கருக்கு வாளியோடு நின்றபோது நான் அதை மறுபடி எடுத்துப் படித்தேன். எழுபதுகளின் சென்னையில் எழுதியது, எங்கள் தெருவில் நடந்ததுபோல இருந்தது.

'பொன்னியின் செல்வன்' பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஐந்து பாகம் எப்படி முடியும் என்று. நான் அதைத் தைரியமாகச் சொல்வேன். 1950ல் தொடங்கி வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர் அது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே உட்காரலில் படித்து முடிக்கும் அளவில், அடுத்ததற்கு இழுக்கிற மாதிரி நிற்கும். துண்டு நேரத்துக்கென்றே அளந்து வெட்டியதுபோல இருக்கும். ஐந்து வாரத்தில் முதல் பாகம் முடிந்தாலே போதும். மதுரைத் திட்டம் தளத்தில் இலவசம். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் கையால் தட்டச்சு செய்து சேர்த்துவருகிற நூலகம் அது. ஒலிப்புத்தகமாகவும் கிடைக்கிறது. பாத்திரம் கழுவும்போது போட்டுவிடுங்கள், வந்தியத்தேவன் வருகிற இடங்களில் பையனும் வந்து நின்றாலும் நிற்பான்.

செலவைப் பற்றிக் கடைசியாக. புதுப் புத்தகம் ஒன்று 200, 300 ராண்டு ஆகிறது, அதில் 15 சதவீதம் வாட் வேறு. மூன்று பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் வாங்கி மாளாது. பழைய பொருள் விற்கிற சாரிட்டி கடைகளில் குழந்தைப் புத்தகம் கொள்ளை மலிவு. அங்கே பிள்ளைகளை அழைத்துப் போய், ஆளுக்கு இவ்வளவு என்று காசைக் கையில் கொடுத்து விட்டுவிடுங்கள். மற்றபடி நகராட்சி நூலகம்தான். உங்கள் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு பள்ளி மூடுகிற வாரத்திலேயே போங்கள். டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 எல்லாம் பொது விடுமுறை. நடுவிலும் நேரம் மாறும், வாசலில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை எடுங்கள், உங்களுக்கும் சேர்த்து நாலு. சின்னவள் பெயரை அவளே எழுதட்டும். புத்தகம் சுமக்க ஆளுக்கொரு பை. திரும்பி வந்ததும் லிச்சி மரத்தடியிலோ வராந்தாவிலோ பாய் ஒன்றை விரித்து, பைகளை அங்கேயே கவிழ்த்துவிட்டு நீங்கள் உங்கள் ஷிஃப்டுக்குக் கிளம்புங்கள்.